புள்ளி விழுந்த இடம்

பின்லாந்து விடுதலை அடைந்தது 1917 டிசம்பரில். அடுத்த மாதமே உள்நாட்டுப் போர். போர் ஓய்ந்து மூன்று வருஷங்கள் கழித்து, 1921-ல், அந்தத் தேசம் தன்னிடம் எவ்வளவு காடு இருக்கிறது என்று கணக்கெடுக்கப் புறப்பட்டது. நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு காடாக இருக்கிற நாட்டில் இது கஜானாவைத் திறந்து பார்க்கிற வேலைதான். ஆனால் பார்த்த விதம் விசேஷமானது. யூர்யோ இல்வெஸ்ஸலோ என்ற வன விஞ்ஞானியின் பொறுப்பில், தேசப் படத்தின் மேல் தென்மேற்கிலிருந்து வடகிழக்காகக் கோடுகள் இழுத்தார்கள். கோட்டுக்கும் கோட்டுக்கும் பெரும்பாலும் 26 கிலோமீட்டர் இடைவெளி. பிறகு ஆட்கள் அந்தக் கோடுகளின் மேல் நடந்தார்கள். 1924 வரை நடந்தார்கள். மொத்தம் 13,000 கிலோமீட்டருக்கும் மேல்.

கோடுகள் ஏன் அந்தத் திசையில் போக வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. பனியுகத்தில் பனிப் பாளம் அந்த நிலத்தைச் சீய்த்துக்கொண்டு நகர்ந்தது வடமேற்கிலிருந்து தென்கிழக்காக. ஏரிகளும் மேடுகளும் சதுப்புகளும் பெரும்பாலும் அந்தப் போக்கிலேயே நீண்டு கிடக்கின்றன. அதே திசையில் கோடு போட்டால் ஒரு கோடு நெடுக மேட்டிலேயே போய்விடும்; இன்னொன்று நெடுகப் பள்ளத்திலேயே. குறுக்கே போட்டால்தான் ஒவ்வொரு கோடும் எல்லாவற்றையும் வெட்டிக்கொண்டு போகும். திசையைத் தீர்மானிக்கிற வரைதான் மனுஷ புத்திக்கு வேலை. தீர்மானித்த பிறகு, கோட்டின் மேல் எது வருகிறதோ அதைப் பதிவு செய்ய வேண்டும். சதுப்பு வந்தால் சதுப்பு, வயல் வந்தால் வயல். கோடு ஏரியில் இறங்கினால் அக்கரையில் அதே கோட்டில்தான் ஏற வேண்டும். அற்புதமான பைன் மரங்கள் நூறு கஜம் தள்ளி நின்றால் அவை பாட்டுக்கு நின்றுகொண்டிருக்கட்டும். அவற்றுக்காகக் கோடு வளையாது.

நார்வே இந்த வேலையை 1919-லேயே ஆரம்பித்துவிட்டது. ஸ்வீடன் 1923-ல். ஏழைகளாகவும் பயந்தவர்களாகவும் இருந்த வடக்கு நாடுகள் இவை. மரம் தீர்ந்துபோய்க்கொண்டிருக்கிறதோ என்ற பயம். பயந்தவர்கள்தான் ஒழுங்காகக் கணக்குப் பார்க்கிறார்கள் என்பது வங்கியில் பதினான்கு வருஷம் உட்கார்ந்ததில் நானும் கண்டது.

இதெல்லாம் இந்தப் பத்திரிகையில் எதற்கு என்று நண்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். எனக்கு இதில் சிரத்தை ஏற்பட்டதற்குக் காரணம் இலக்கியம்தான். கடந்த பத்தாண்டுத் தமிழ்ச் சிறுகதை பற்றிச் சிறப்பிதழ் ஒன்றுக்குக் கட்டுரை எழுத வேண்டும் என்று ஆசிரிய நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். 'ஒரு பருந்துப் பார்வை' என்றார். இம்மாதிரிக் கட்டுரைகளை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். முதல் பாராவில் 'தேக்கம்' அல்லது 'வீச்சு' என்று ஒரு வார்த்தை. பிறகு பதினோரு பெயர்கள். அந்தப் பதினோரு பெயர்களும் எப்படிக் கிடைத்தன என்று எந்தக் கட்டுரையும் சொல்வதில்லை. கேட்டால் 'பிரதிநிதித்துவம் வாய்ந்தவை' என்பார்கள். எனக்கு அந்த வார்த்தை மேல் வெகு நாளாகவே ஒரு சந்தேகம். அதன் பூர்வோத்தரத்தைத் தேடிக்கொண்டு போனபோதுதான் காட்டுக்குள் போய்ச் சேர்ந்தேன்.

முழுதையும் எண்ணாமல் ஒரு பகுதியை எண்ணி முழுதைச் சொல்லலாம் என்று புள்ளிவிவரக்காரர்களின் சர்வதேச சபை முன் வாதாடியவர் ஒரு நார்வேக்காரர். ஆந்தர்ஸ் நிக்கோலாய் கியேர் என்று பெயர். 1895-ல், பெர்ன் நகரத்தில். அவர் சொன்னதும் 'பிரதிநிதித்துவ முறை'தான். பகுதியை எப்படிப் பொறுக்குவது என்பதில் முப்பது நாற்பது வருஷம் சண்டை நடந்தது. யோசித்துப் பொறுக்குவதா, குலுக்கிப் போடுவதா? யோசித்துப் பொறுக்கியதற்குப் பெரிய உதாரணம் இத்தாலியில் நடந்தது. 1921 ஜனத்தொகைக் கணக்கின் காகிதங்களை அப்புறப்படுத்தி அடுத்த கணக்குக்கு இடம் பண்ண வேண்டியிருந்தது. ஒரு பகுதியையாவது வைத்துக்கொள்ளலாம் என்று கினி, கல்வானி என்ற இரண்டு நிபுணர்கள் 214 வட்டங்களிலிருந்து 29-ஐத் தேர்ந்தெடுத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு அல்ல. ஏழு முக்கியமான அம்சங்களில் அந்த 29-ன் சராசரி தேசத்தின் சராசரியோடு ஒத்துப்போகும்படி சிரமப்பட்டுப் பொறுக்கினார்கள். அந்த ஏழிலும் ஒத்துத்தான் போயிற்று. எட்டாவதாக எதை எடுத்துப் பார்த்தாலும் இடித்தது. 1934-ல் ஜெர்ஸி நெய்மன் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்த உதாரணத்தை எடுத்து வைத்துக்கொண்டு, யோசித்துப் பொறுக்கும் முறையை அநேகமாகப் புதைத்துவிட்டது.

கினியும் கல்வானியும் முட்டாள்கள் அல்ல, பக்ஷபாதிகளும் அல்ல. அவர்களுக்கு எது முக்கியம் என்று தெரிந்திருந்தது. அதுதான் அவர்களைக் கவிழ்த்தது. தங்களுக்குத் தெரிந்த ஏழு விஷயங்களின் உருவத்தில் ஒரு குட்டி இத்தாலியைச் செய்துகொண்டார்கள். நம்முடைய தொகுப்பாசிரியர்கள் பலரை எனக்கு நினைவில் வருகிறது. அவர்களுக்கு ஏழு அம்சங்கள்கூட இல்லை, இரண்டோ மூன்றோதான்.

நம் பக்கத்துக் காடுகளை எண்ணிய கதை இதைவிடப் பழையது. டீட்ரிக் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியத் தாவரவியல் அறிஞர் 1856-ல் பர்மாவின் பெகு பிரதேசத் தேக்குக் காடுகளுக்குப் பொறுப்பேற்றார். எத்தனை தேக்கு இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. பிராண்டிஸ் இடது கையில் நான்கு மூங்கில் குச்சிகளைப் பிடித்துக்கொண்டார். மரத்தின் பருமனுக்கு ஒன்றாக நான்கு வகுப்பு, நான்கு குச்சி. வலது கையில் பேனாக்கத்தி. காட்டுப் பாதையோடு போய்க்கொண்டே, கண்ணில் படும் ஒவ்வொரு தேக்குக்கும் உரிய குச்சியில் ஒரு வெட்டு. மழையும் புதரும் நிறைந்த இடத்தில் நோட்டுப் புத்தகத்தைவிட இது மேல். அந்த வெட்டுகளைக் கூட்டித்தான் வருஷத்துக்கு இத்தனை மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது என்று அவர் வியாபாரிகளுக்கு எதிராக நின்றார். 1864-ல் இந்தியாவின் முதல் வன இன்ஸ்பெக்டர் ஜெனரலானார்.

பிராண்டிஸிடம் எனக்கு மதிப்பு உண்டு. இருந்தாலும் அவர் போன பாதை ஏற்கனவே மனிதர்கள் போட்ட பாதை. அவர் எண்ணிய மரம் கப்பல்காரனுக்கு வேண்டிய மரம். மற்ற மரங்களுக்கு அவர் கையில் குச்சி கிடையாது. பின்லாந்துக்காரர்கள் 65 வருஷம் கழித்து விட்டது அந்தப் பாதையைத்தான். பாதையில் போனால் பாதை யாருக்காகப் போடப்பட்டதோ அவனுடைய காடுதான் தெரியும். அவர்கள் இன்னொரு காரியமும் செய்தார்கள். மண்ணின் தரத்தை மரத்தைப் பார்த்துச் சொல்லாமல், காலடியில் முளைத்திருக்கும் செடியையும் பாசியையும் பார்த்துச் சொன்னார்கள். கஜாண்டர் என்ற தாவரவியல்காரர் 1909-ல் வகுத்த முறை அது. மரத்தை வெட்டிவிடலாம், நட்டுவிடலாம். காலடிச் செடி பொய் சொல்லாது என்பது அவர் வாதம். பின்னால் இந்தக் கஜாண்டர் மூன்று முறை அந்த நாட்டின் பிரதம மந்திரியாக இருந்தார் என்பது ஒரு சுவாரஸ்யமான விஷயம், அவ்வளவுதான்.

புத்தகத்தில் படித்ததை உடம்பால் தெரிந்துவைத்திருந்த ஒருவரைச் சந்திக்கும் வாய்ப்பு எங்கள் கிளையிலேயே கிடைத்தது. ஒவ்வொரு நவம்பரிலும் லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வரும் பென்ஷன்காரர்களில் ஒருவர். 'இந்திய வன அளவை நிறுவன'த்தில் தென்னிந்தியா முழுக்கக் களத்தில் அலைந்தவர். அந்த நிறுவனம் 1965-ல் ஐக்கிய நாடுகள் உதவியோடு தொடங்கிய ஒரு முன்முதலீட்டு அளவையாகப் பிறந்து, 1981 ஜூன் முதல் தேதியிலிருந்து இப்போதைய பெயரில் டேராடூனிலிருந்து இயங்குகிறது. கவுண்டரில் கூட்டம் இல்லாத நேரத்தில் பேச ஆரம்பித்தவர், பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வரச் சொன்னார்.

"என்ன சார், காடு காடாச் சுத்தியிருப்பீங்க?" என்று கேட்டேன்.

"காட்டை எங்க தம்பி பாத்தேன்? புள்ளியத்தான் பாத்தேன்" என்றார்.

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். 2002-ல் வந்த திட்டப்படி நாட்டை 14 இயற்கைப் பிரதேசங்களாகப் பிரித்து, இரண்டு வருஷத்துக்கு 60 மாவட்டங்கள் வீதம் எடுத்துக்கொண்டார்கள். 50,000-க்கு ஒன்று அளவுள்ள சர்வே படத்தில் கட்டம் போட்டு, தேர்வான கட்டத்தின் மையத்தில் ஒரு புள்ளி. புள்ளியைச் சுற்றி 0.1 ஹெக்டேர் சதுரம். 2016 முதல் முறை மாறியிருக்கிறது: தேசம் முழுக்க 5 கிலோமீட்டருக்கு 5 கிலோமீட்டர் கட்டம், ஐந்து வருஷ சுற்று. எப்படியானாலும் களத்துக்காரரின் வேலை ஒன்றுதான். படத்தில் அடையாளம் தெரியும் ஒரு பாலத்திலிருந்தோ ஓடை சந்திப்பிலிருந்தோ காம்பஸும் சங்கிலியுமாகப் புறப்பட்டு (பிற்பாடு ஜி.பி.எஸ். வந்தது) புள்ளி விழுந்த இடத்தில் போய் நிற்பது. நின்ற பிறகு அங்கே உள்ள மரங்களை அளப்பது. தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், மார்பளவில், டேப்பைச் சுற்ற வேண்டும். சரிவில் நிற்கும் மரமானால் மேட்டுப் பக்கத்திலிருந்து உயரம் பார்க்க வேண்டும். அந்த உயரத்துக்குக் கீழேயே இரண்டாகப் பிரிந்திருந்தால் இரண்டு மரம். மேலே பிரிந்திருந்தால் ஒன்று. மரத்துக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

கூட வரும் வாட்ச்சருக்கு இது பைத்தியக்காரத்தனமாக இருக்குமாம். ஒரு தடவை புள்ளி ஒரு மொட்டைப் பாறையின் மேல் விழுந்தது. அங்கே ஏறுவதற்கு அரை நாள். ஏறினால் புல்கூட இல்லை. 'அந்தப் பக்கம் இறங்கினா ஜம்முனு தேக்கு நிக்குது சாமி, அதை அளந்துக்கிட்டுப் போலாம்' என்று வாட்ச்சர் கெஞ்சியிருக்கிறார். இவர் பாறையில் உட்கார்ந்து படிவத்தை எடுத்து மரத்துக்கு உரிய பத்தியில் பூஜ்யம் போட்டு, தேதி எழுதி, கையெழுத்துப் போட்டார். "அந்த சைபருக்குத்தான் தம்பி சம்பளம். தேக்கை அளக்க யார் வேணா போவான்."

எல்லையில் நிற்கும் மரம் எப்போதும் தகராறு. சதுரத்தின் கோடு மரத்தின் வழியாகவே போகும். அடிமரத்தின் நடு உள்ளே இருந்தால் கணக்கு, வெளியே இருந்தால் இல்லை. இவ்வளவு தெளிவான விதி இருந்தும் மனுஷ மனம் உள்ளே இழுத்துக்கொள்ளத்தான் பார்க்கும். இது அவருடைய அனுபவம் மட்டும் அல்ல. மகலநோபிஸ் வங்காளத்தில் 1937 முதல் சணல் விளைச்சலுக்கு மாதிரிக் கணக்கு எடுத்தபோதும், பின்னால் சுகாத்மே கோதுமையிலும் நெல்லிலும் சோதித்தபோதும் கண்டது இதுதான். அறுத்துப் பார்க்கிற வட்டம் சிறிதாக இருந்தால் விளைச்சல் அதிகமாக வருகிறது. வட்டம் சிறுத்தால் உள்ளே இருப்பதற்கு எல்லை நீளம் ஜாஸ்தி. எல்லையில் நிற்கிற பயிரை எல்லாம் ஆட்கள் உள்ளே சேர்த்துக்கொண்டுவிடுகிறார்கள். லஞ்சம் இல்லை, சோம்பல் இல்லை, வெறும் தாராள மனசு. சின்ன வட்டத்தில் விளைச்சல் எப்போதுமே அமோகமாகத்தான் தெரியும் என்பதை சிறு பத்திரிகை வாசகர்களுக்கு நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

அளவை முறைகளில் எனக்கு மிகவும் பிடித்தது சதுரமும் வட்டமும் இல்லாத ஒன்று. வால்டர் பிட்டர்லிக் என்ற ஆஸ்திரிய வன அதிகாரி 1948-ல் வெளியிட்டது. ஒரு மீட்டர் நீளமுள்ள கோல், நுனியில் 2 சென்டிமீட்டர் அகலமுள்ள தகடு. கோலின் இந்த முனையைக் கண்ணருகில் வைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே ஒரு முழுச் சுற்றுத் திரும்ப வேண்டும். மார்பளவு உயரத்தில் எந்த மரம் தகட்டைவிட அகலமாகத் தெரிகிறதோ அதை எண்ண வேண்டும். சிறிதாகத் தெரிந்தால் விட வேண்டும். எண்ணிக்கை எத்தனையோ, அந்த இடத்தில் ஹெக்டேருக்கு அத்தனை சதுர மீட்டர் மரத்தின் வெட்டுமுகம் இருக்கிறது. ஒரு மரத்தைக்கூடத் தொடவில்லை, ஒரு அடிகூட அளக்கவில்லை.

முதலில் இது செப்படிவித்தை மாதிரி இருந்தது. காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள மரம் 20 மீட்டர் தூரம் வரை தகட்டைவிடப் பெரிதாகத் தெரியும். அதாவது அந்த மரம் 20 மீட்டர் ஆரமுள்ள ஒரு வட்டத்தைத் தன்னைச் சுற்றி வைத்திருக்கிறது. அந்த வட்டத்துக்குள் நான் நின்றால் அது கணக்கில் வரும். மரத்தின் ஆரம் 20 சென்டிமீட்டர், வட்டத்தின் ஆரம் 20 மீட்டர், நூறில் ஒன்று. பரப்பில் பத்தாயிரத்தில் ஒன்று. ஹெக்டேர் என்பது பத்தாயிரம் சதுர மீட்டர். 10 சென்டிமீட்டர் மரத்துக்கு வட்டம் 5 மீட்டர்தான். ஆனால் விகிதம் அதே பத்தாயிரத்தில் ஒன்று. எனவே எண்ணப்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும், பெரிதோ சிறிதோ, ஒரே மதிப்பு. மீட்டர் கோலில் அட்டையை ஒட்டிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே உள்ள மாந்தோப்பில் சுற்றிப் பார்த்தேன். பதினொன்று வந்தது. தோப்புக் காவல்காரர் என்னைக் கவனித்துக்கொண்டே இருந்தார்.

பெரிய மரம் தூரத்திலிருந்தே தெரிகிறது, சின்ன மரத்துக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. இது அநீதியாகப் படலாம். இலக்கியத்தில் நாம் எப்போதும் புலம்புவதும் இதையே. ஆனால் பிட்டர்லிக்கின் முறையில் பெரிய மரம் எவ்வளவு அதிகமாகத் தெரிகிறது என்பது துல்லியமாகத் தெரியும். தெரிந்ததால் அது கணக்கில் சரிசெய்யப்பட்டுவிடுகிறது. ஒரு எழுத்தாளர் என் கண்ணில் படுவதற்கு அவருடைய எழுத்து எவ்வளவு காரணம், பதிப்பாளர் எவ்வளவு, நண்பர்கள் எவ்வளவு, ஜாதி எவ்வளவு, சென்னையில் இருப்பது எவ்வளவு என்று எனக்கு எந்தக் கோலும் சொல்வதில்லை. பக்ஷபாதம் இருப்பது பெரிய விஷயமில்லை. அதன் அளவு தெரியாமல் இருப்பதுதான் நம்முடைய நோய்.

அளவு தெரிவது என்பதில் பின்லாந்துக்காரர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் அடித்தது. கோடுகளில் நடந்து கிடைத்த தொகை உண்மையிலிருந்து எவ்வளவு தூரம் விலகியிருக்கக்கூடும் என்ற கேள்வியை அவர்கள் எடுத்துக்கொண்டு போனது யார்ல் வால்டெமார் லிண்டெபெர்க் என்ற கணித ஆசிரியரிடம். மைய எல்லைத் தேற்றத்துக்கு 1922-ல் இன்று பாடப் புத்தகங்களில் உள்ள நிரூபணத்தைக் கொடுத்தவர் அவர். 1924-ல் இந்தக் கோட்டு அளவையின் பிழையைக் கணக்கிடுவது பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதினார். மூச்சடைக்க வைக்கும் தேற்றம் ஒரு பக்கம், சதுப்பில் நடந்தவர்களின் நோட்டுப் புத்தகம் இன்னொரு பக்கம். லிண்டெபெர்க்குக்கு ஒரு பண்ணை உண்டு. ஆராய்ச்சியில் போதிய அக்கறை காட்டுவதில்லையே என்று யாராவது குறை சொன்னால், நான் உண்மையில் விவசாயி என்பாராம். பண்ணை சரியாக இல்லையே என்றால், என் தொழில் பேராசிரியர் உத்தியோகம் அல்லவா என்பாராம். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து விமர்சனம் எழுதும் எவனுக்கும் இந்தப் பதில் இரண்டும் மனப்பாடம்.

பிழையைச் சொல்வதில் ஒரு மரியாதை இருக்கிறது. இவ்வளவு கன மீட்டர் மரம், இதில் இத்தனை சதவிகிதம் முன்னே பின்னே இருக்கலாம் என்று சொல்கிறவன், தான் முழுக் காட்டையும் பார்க்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறான். பார்க்காததன் அளவு அவன் கூற்றுக்குள்ளேயே இருக்கிறது. தமிழில் ஒரு விமர்சகர், தான் படிக்காததன் அளவைச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

மாதிரி இடங்களை ஒளித்து வைக்கிறார்கள் என்பது பென்ஷன்காரருக்கும் புதிய செய்தி. ஜெர்மனியில் 4 கிலோமீட்டர் கட்டத்தில், 150 மீட்டர் பக்கமுள்ள சதுரத்தின் மூலைகளில் மாதிரிப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு இரும்பு முளையை மண்ணுக்குள் புதைத்துவிடுகிறார்கள். வெளியே ஒரு அடையாளமும் கிடையாது. மேற்கு ஜெர்மனியாக இருந்தபோது 1987-ஐ ஒட்டி முதல் அளவை. இரண்டு ஜெர்மனிகளும் சேர்ந்த பிறகு 2002, 2012, 2022. ஒவ்வொரு முறையும் உலோகங்காட்டும் கருவியோடு வந்து அதே முளையைத் தேடி, அதே மரங்களை மறுபடி அளக்கிறார்கள். ஏன் ஒளிக்க வேண்டும் என்றால், இங்கேதான் அளக்கிறார்கள் என்று தெரிந்தால் காட்டுக்காரன் அந்த இடத்தை மட்டும் நன்றாக வைத்துக்கொள்வான். வெட்ட வேண்டிய மரத்தை வெட்ட மாட்டான். பிறகு அந்த இடம் தன்னைத் தவிர வேறு எதற்கும் சாட்சி சொல்லாது. அமெரிக்காவில் மாதிரி இடங்களின் சரியான இருப்பிடத்தை வெளியிடக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. வங்கிகளில் இன்ஸ்பெக்ஷனுக்கு எந்தத் தேதி வவுச்சர்களை எடுப்பார்கள் என்று முன்கூட்டியே மூக்கில் வேர்க்கும். அந்தத் தேதிகளின் கட்டுகள் புது நூல் போட்டுக் கட்டப்பட்டு, கல்யாணப் பெண் மாதிரி இருக்கும். பரிசுகளுக்கு எழுதப்படும் நாவல்களும் ஏறக்குறைய அப்படியே.

இவ்வளவும் ஒரு பக்கம். இதன் மேல் எனக்குள்ள மனஸ்தாபத்தையும் சொல்லியாக வேண்டும். மாதிரிக் கணக்கு முழுமையைப் பற்றி மட்டுமே பேசும். தேசத்துக்குச் சொல்லும்போது சிறுத்திருக்கும் பிழை, மாவட்டத்துக்கு வரும்போது பருத்துவிடும். ஒரு கிராமத்தின் காட்டைப் பற்றிக் கேட்டால் அதற்குப் பேச்சே இல்லை. இந்தக் குறைக்காகத்தான் பின்லாந்தில் 1990 முதல் செயற்கைக்கோள் படத்தையும் களப் புள்ளியையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறார்கள். பென்ஷன்காரர் அளந்த நூற்றுக்கணக்கான இடங்களில் அநேகமாக எதற்கும் அவர் இரண்டாம் முறை போனதில்லை. பிறந்த ஊரின் மலைச்சரிவு அவர் கண்ணெதிரிலேயே மொட்டையாயிற்று. அதில் ஒரு நாளும் புள்ளி விழவில்லை. "விழுந்திருந்தா மட்டும் என்ன தம்பி? மத்த எல்லாத்தோடயும் சேத்துக் கூட்டியிருப்பாங்க" என்றார். குரலில் வருத்தம் இல்லை, அல்லது எனக்குப் பிடிபடவில்லை. இலக்கியம் அந்த மலைச்சரிவைப் பற்றியது. அதைக் கூட்டலில் கரைக்க எனக்குச் சம்மதம் இல்லை. ஆகச் சிறந்த ஒரு கதையைச் சராசரிக்குள் போட்டால் கதையும் போயிற்று, சராசரிக்கும் லாபமில்லை.

இன்னொன்று, இதைவிடப் பெரியது. அளப்பதில் எத்தனை நாணயம் இருந்தாலும், எதைக் காடு என்பது என்ற இடத்தில் எல்லாம் வார்த்தைக்குள் போய்விடுகிறது. வடக்கு நாடுகளில் பழைய வரையறை, ஹெக்டேருக்கு வருஷம் ஒரு கன மீட்டராவது மரம் வளரக்கூடிய மண். மரம் இருக்கிறதா என்பது கேள்வி இல்லை, வளருமா என்பது கேள்வி. உலக உணவு விவசாய நிறுவனத்துக்கு அரை ஹெக்டேர், 5 மீட்டர் உயரம், 10 சதவிகித விதானம். இந்தியாவில் செயற்கைக்கோள் படத்திலிருந்து எடுக்கும் 'வனப் பரப்பு'க்கு ஒரு ஹெக்டேர், 10 சதவிகித விதானம்; நிலம் யாருடையது, மரம் எந்த ஜாதி என்று பார்ப்பதில்லை. பழத்தோட்டமும் மூங்கிலும் பனையும் தென்னையும் உள்ளே. 2023 அறிக்கைப்படி நாட்டின் நிலப்பரப்பில் 21.76 சதவிகிதம் வனப் பரப்பு. இந்த எண்ணுக்குள் ஒரு சோலைக்காடு கரைந்து ஒரு தென்னந்தோப்பு சேர்ந்தால் எண் அசையாது. 1996 டிசம்பர் 12-ல் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம், காடு என்ற சொல்லுக்கு அகராதிப் பொருளையே கொள்ள வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பு பல காடுகளைக் காப்பாற்றியது என்பது உண்மை. ஆனாலும் ஒரு தேசத்தின் மரங்கள் கடைசியில் அகராதியின் கீழ் வந்து ஒதுங்கியதை இங்கிலீஷ் பி.ஏ. படித்த எவனும் ஒரு நிமிஷம் நின்று பார்க்காமல் போக முடியாது.

தமிழ் அகராதியின் கீழ் ஒதுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கோயமுத்தூர்ப் பக்கம் 'காட்டுக்குப் போயிருக்காங்க' என்றால் சோளம் விதைக்கப் போயிருக்கிறார்கள். அங்கே காடு என்பது மானாவாரி நிலம். முந்திரிக்காடு இருக்கிறது. பிணம் எரிக்கிற இடமும் காடுதான். சோலை வேறு, தோப்பு வேறு, வனம் என்றால் ஏதோ புராணத்துக்குள் நுழைந்த மாதிரி. பென்ஷன்காரரிடம் அவருடைய வார்த்தை எது என்று கேட்டேன். அவர்கள் வீட்டில் காடு என்றால் பயிர்; மரங்கள் இருக்கும் இடத்துக்கு மலை என்றே பெயர், அது சமதளமாக இருந்தாலும்.

சிறப்பிதழ்க் கட்டுரைக்கு வருகிறேன். நாற்பது கதைகளைக் குலுக்கிப் போட்டு எடுத்தால் தமிழ்ச் சிறுகதை அகப்பட்டுவிடும் என்று நான் நம்பவில்லை. பதினோரு பெயர்களை எழுதவும் கை வரவில்லை. என்னிடம் உள்ள பத்திரிகைகளையும் இரண்டு நூலகங்களில் கிடைத்தவற்றையும் வருஷ வாரியாக அடுக்கி, கதைகளுக்கு வரிசை எண் போட்டேன். 1,186 வந்தது. புள்ளிவிவரப் புத்தகத்தின் பின்னால் இருக்கும் சமவாய்ப்பு எண் அட்டவணையிலிருந்து நாற்பது எண்கள் எடுத்தேன். இதுவரை பதினாறு படித்தாயிற்று. எழுதியவர்களில் ஒன்பது பேரை நான் கேள்விப்பட்டதே இல்லை. சில கதைகள் மொட்டைப் பாறை. அவற்றுக்கும் படிவம் பூர்த்தி செய்து வைத்திருக்கிறேன். ஒன்று, ஒரு பள்ளிக்கூட ஆயா சாவிக்கொத்தைத் தொலைப்பது பற்றியது, இரண்டு தடவை படித்தேன். பதினேழாவதாக வந்திருப்பது ஒரு நாவலின் அத்தியாயம். 'சிறுகதை' என்று தலைப்புக்கு மேல் அச்சடித்திருக்கிறார்கள். கடைசி வரிக்குக் கீழே சின்ன எழுத்தில் 'வெளிவர இருக்கும் நாவலிலிருந்து' என்றும் இருக்கிறது. இதைக் கணக்கில் எடுப்பதா விடுவதா என்று கேட்டு ஆசிரிய நண்பருக்கு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.